நுரை வராத தலைக்குளியல்

பாட்டிலைத் திறந்து கவிழ்த்துப் பிடித்து அதன் அடியில் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் அதிதிக்கு உறைத்தது, இது தண்ணீரோடு ஓடிப்போகிற சாமான் இல்லை என்று. குளியலறைத் தரை முழுக்க வெள்ளை வெளேரென்று கெட்டித் தயிர் மாதிரிப் பரவிக் கிடந்தது. ஒரு மக் தண்ணீர் ஊற்றினாள். அது சோம்பலாக நகர்ந்து, சாக்கடைத் துவாரத்துக்கு அரையடி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு மக் ஊற்றினாள். இந்தத் தடவை அது பக்கவாட்டில் போயிற்று. காலால் தள்ளிப் பார்க்கலாமென்று ஓரடி எடுத்து வைத்தாள். கால் அவளைக் கேட்காமலே கதவுப் பக்கம் புறப்பட்டுவிட்டது. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தப்பினாள்.

கதவு தட்டப்பட்டது.

"அதிதி, உள்ளயா இருக்கே? மணி மூணே முக்கால். நான் தீர்த்தமாடிட்டு நாலரைக்குள்ள கோயில்ல இருக்கணும்."

அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தக் கிரீம் உள்ளதானே இருக்கு? இன்னிக்குச் சித்த தாராளமாவே போட்டுக்கணும். பத்து நாள் உற்சவமாச்சே!"

"இதோ வந்துட்டேம்ப்பா!"

பதினாறு வயதுக்குள் அவள் சொன்ன பொய்களை எண்ணினால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் ஒன்று இப்போது அப்பாவின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவும் வெறும் தலை இல்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்ளப்போகிற தலை.

அவள் அப்பா பாஷ்யம், பெருமாள் கோயில் பட்டர். ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் கோடியில் இருக்கிற சின்னக் கோயில். திருவிடந்தைக்குக் கல்யாண வேண்டுதலுக்காக மாலையும் கையுமாகக் கிளம்புகிற கார்களில் வாரத்துக்கு ஒன்றாவது, ஃபோன் காட்டிய வழியை நம்பி இங்கே வந்து நின்றுவிடும். பாஷ்யம் அவர்களுக்கும் தீர்த்தம் கொடுத்து, சடாரி வைத்து, "இவரும் நடத்தி வைப்பார். ரொம்ப அவசரம்னா இன்னும் கொஞ்சம் வடக்கே போங்கோ" என்று வழி சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர். சிரிப்பும் உண்டு, ஆசாரமும் உண்டு. ஆசாரம் என்று வந்துவிட்டால் மட்டும் சிரிப்பு இருக்காது.

குடுமி வைத்திருப்பவருக்குத் தினமும் இரண்டு வேளை தலையோடு ஸ்நானம். போர்வெல் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. உடம்புக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போட்டு முப்பது வருஷம் தேய்த்திருக்கிறார். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் குடுமி, தேங்காயை உரித்தவன் நாரைப் போகிற போக்கில் முடிந்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அம்மா வத்சலா வாய் சும்மா இருக்காது.

"அதுல ஒரு பிடி கத்தரிச்சுக் குடுங்கோ, தோசைக்கல் தேய்ச்சுக்கறேன்."

"உன் தோசைக்கும் அதே ருசிதான்."

ஷாம்பு போட்டும் பார்த்தாகிவிட்டது. நுரை பிரமாதமாக வந்தது. தலை வறண்டு, தோளில் வெள்ளைப் பொடி உதிர ஆரம்பித்தது. அவருக்குப் பொடியைப் பற்றிக் கவலையில்லை. முடி உடைந்து உதிர்கிறதே, பெருமாளுக்குப் படைக்கிற தளிகையில் ஓரிழை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அந்தப் பயத்தில் சந்நிதிக்குள் போகுமுன் ஈரத்துணியால் தலையைப் பத்துத் தரம் ஒற்றிக்கொள்வார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா விஷாகா, சிறுசேரியில் வேலை பார்ப்பவள், போன மாதம் ஒரு பெரிய பாட்டிலைக் கொண்டுவந்தாள். அவளோடு வேலை செய்யும் பெண் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது.

"ஷாம்புவே வேண்டாம்ப்பா. இது கண்டிஷனர். ஆனா இதுவே அழுக்கையும் எடுத்துடும். தலையை வறட்டாது. என் முடிக்கு இது சரிப்படலை, படிஞ்சு போயிடறது. உனக்குன்னா பிரமாதமா இருக்கும்."

பாஷ்யம் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"நுரையே வரலையேடி."

"வராது."

"நுரை வராம அழுக்கு எப்படிப் போகும்?"

"நுரைக்கும் அழுக்குக்கும் சம்பந்தமே இல்லப்பா. தலைல நிறையப் போட்டு, அஞ்சு நிமிஷம் விரலால நன்னாத் தேய்ச்சு, நிறையத் தண்ணி விட்டு அலசணும். அவ்வளவுதான்."

"நிறையன்னா?"

"மேல இருக்கற பம்பை ஒரு பத்துப் பன்னெண்டு அழுத்து."

பன்னிரண்டு என்றதும் அவர் முகம் தெளிந்தது. நெற்றியிலும் உடம்பிலும் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு திருநாமம் சொல்வார் அல்லவா, அதே கணக்கை பாட்டிலுக்கும் கொண்டுவந்துவிட்டார். கேசவா என்று ஓர் அழுத்து. நாராயணா என்று ஓர் அழுத்து. தாமோதரா வரும்போது உள்ளங்கை நிறைந்திருக்கும்.

ஆனால் தலையில் வைக்கும் முன்னால், முதல் நாள், ஈர வேஷ்டியோடு குளியலறை வாசலில் நின்று, வீட்டில் இங்கிலீஷ் நன்றாகப் படிக்கிறவள் என்று அதிதியைத்தான் கூப்பிட்டார்.

"இதுல வேண்டாதது ஒண்ணும் இல்லையே? படிச்சுச் சொல்லு."

அதிதி அப்போது ஃபோனில் மும்முரமாக இருந்தாள். பாட்டிலின் முன்பக்கத்தில் பச்சையாக ஓர் இலை தெரிந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்து.

"சுத்த வெஜ்ப்பா. இலை படம் போட்டிருக்கு பாரு."

அவர் இலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நம்பினார்.

மூன்றே வாரம். குடுமி கறுத்துப் பளபளத்துப் பட்டு நூல்கண்டு மாதிரி இறங்கியது. சீப்பு தானாகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. சேவிக்க வந்த கல்பாக்கத்து மாமி ஒருத்தி, "பட்டரே, என்ன எண்ணெய்?" என்றே கேட்டுவிட்டாள். "எல்லாம் பெருமாள் அனுக்ரஹம்" என்றார் இவர். அம்மா சமையலறையிலிருந்து, "அனுக்ரஹம் அமெரிக்காலேர்ந்து பாட்டில்ல வந்தது" என்றாள். குடுமி முடிந்தால் நிற்காமல் நழுவுவது ஒன்றுதான் குறை. அதையும் அவர் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நழுவியதை எடுத்து முடிகிற சாக்கில் ஒரு தரம் தடவிக்கொள்ளலாம் அல்லவா?

எல்லாம் இன்று மத்தியானம் வரைக்கும்தான் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. பிளஸ் டூ. உயிரியல் எடுக்கும் சதாசிவம் சார் கரும்பலகையில் 'கெரட்டின்' என்று எழுதி அடிக்கோடிட்டார். "இது ஒரு புரதம். நம்ம முடி, நகம், மாட்டுக் கொம்பு, குதிரைக் குளம்பு, கோழி இறகு, எல்லாமே இதுதான்" என்றார். வகுப்பு எழுதிக்கொண்டது. அதிதியின் பேனா மட்டும் 'கொம்பு'விலேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவள் பார்த்திருக்கிறாள். தினமும் பல் தேய்க்கும்போது கண்ணெதிரே, பாட்டிலின் முதுகில், நாலாவது வரியில்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தோழி சுவேதா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். சுவேதாவின் அப்பா லோகு சொந்தப் படகு வைத்திருக்கிறார். கடற்கரைக் குப்பத்தில் வீடு. இரண்டு பேரும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு.

"இன்னாடி, பேயறஞ்சவ மாரி கீற?"

"கெரட்டின்னா கொம்பு, குளம்புன்னாரே சார்..."

"ஆமா. பரீட்சைல வந்தா எழுது."

"அது எங்கப்பா தலைல இருக்குடி."

"அல்லார் தலைலயும் அதான்டி கீது. முடியே அதானே! கிளாஸ்ல இன்னா கேட்டுக்கினு இருந்த நீ?"

அதிதி முழுக்கதையையும் சொன்னாள். இலை படம் வந்த இடத்தில் சுவேதா சிரிக்க ஆரம்பித்தாள். கேசவா நாராயணா வந்த இடத்தில் பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி. நீ எங்கப்பாவைப் பார்த்ததில்ல. போன வருஷம் கல்பாக்கத்துல ஒரு பர்த்டேக்குப் போனோம். முட்டையில்லாத கேக்குன்னு குடுத்தா. மறுநாள் காலம்பற அவாளே ஃபோன் பண்ணி, மன்னிச்சுக்கோங்கோ, கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்னு சொன்னா. மூணு நாள் பட்டினி. கோயில் படி ஏறலை. செங்கல்பட்டுலேர்ந்து சித்தப்பா பஸ் புடிச்சு வந்து பூஜை பண்ணினார். அது ஒரு துண்டு கேக்குக்கு. இது மூணு வாரம், ரெண்டு வேளை."

"செரி, இப்போ இன்னா அவசரம்?"

"இன்னிக்குச் சாயங்காலம் காப்புக்கட்டு. நாளைக்குக் கொடியேத்தம். காப்புக் கட்டிண்டா பத்து நாளும் ஊர் எல்லை தாண்டக் கூடாது, நடுவுல விலகவும் முடியாது. முன்னாடியே சொன்னா கட்டிக்கவே மாட்டார். முப்பது வருஷமா அவர்தான் கட்டிக்கறார். சொல்லாம விட்டா, தோஷத்தோட கட்டிப்பார். ரெண்டுக்கும் நான்தான் காரணம்."

சுவேதா கொஞ்சம் யோசித்தாள்.

"உங்கப்பா சாமிகிட்ட போறச்சொல பட்டு வேட்டி தானே கட்டிக்கினு போறாரு?"

"ஆமா."

"அது இன்னா மரத்துலயா காய்க்குது? பூச்சிய கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கிறதுடி. சங்கு ஊதுறாங்களே, அது எங்க நைனா வலைல வர்ற ஜந்து. அதுக்குள்ள கறி இருந்துச்சு, தெரியுமா?"

"அது வேற."

"இன்னா வேற?"

நல்லவேளையாக பஸ் வந்தது.

ஏறி உட்கார்ந்ததும் சுவேதா காதோரம் வந்தாள். "எப்டியும் உங்கூட்ல ஆவாது. அந்த பாட்டில எங்கம்மாவுக்குக் குட்த்துடு. அது தலைக்கு கொம்பு, குளம்பு எதுவும் தோசமில்ல."

கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, அக்காவுக்கு 'கெரட்டின் எதுலேர்ந்து எடுத்ததுன்னு உடனே கண்டுபிடி' என்று மெசேஜ் போட்டு, இரண்டு மணி நேரம் பதில் வராமல் நகத்தைக் கடித்து, நகமும் கெரட்டின் என்று ஞாபகம் வந்து துப்பி, கடைசியில் பாட்டிலையே தீர்த்துக்கட்டிவிடலாம் என்று குளியலறைக்குள் புகுந்தபோது, சுவேதா அம்மாவின் தலை அவள் நினைவுக்கே வரவில்லை.

"அதிதி!"

இப்போது அப்பாவின் குரலில் உற்சவம் இல்லை.

விளக்குமாற்றால் தள்ளி, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டி, ஒருவழியாக வெள்ளையைத் துவாரத்துக்குள் அனுப்பினாள். காலி பாட்டிலை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"கிரீம் தீர்ந்துபோச்சுப்பா."

"நேத்து பாதி இருந்ததே?"

"கை தட்டிக் கொட்டிடுத்து. தரை வழுக்கும், பார்த்து."

இது அந்த இரண்டு கை விரல்களில் இன்னொன்று. அவர் "த்சொ" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதிதி கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். முடிந்தது. இன்றைக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுக் காப்புக் கட்டிக்கொள்வார். பழசெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

உள்ளே குழாய் திறந்தது. நீர் விழுகிற சத்தம் வாளியில் விழுகிற சத்தமாக இல்லை. மெல்லிசாக, குறுகலான வாய்க்குள் விழுகிற சத்தம். அப்புறம் குழாய் நின்றது. அப்புறம், சளக். சளக். சளக். சளக்.

பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்குகிறார்!

"தண்ணி விட்டுக் குலுக்கினா இன்னும் ரெண்டு வேளைக்கு வரும்டி!" என்று உள்ளேயிருந்து வெற்றிக்குரல் கேட்டது.

சமையலறையிலிருந்து அம்மா, "இந்த ஆத்துல எந்த பாட்டில் ஒரு தரத்துல செத்திருக்கு?" என்றாள்.

"கேசவா..." என்று ஆரம்பித்தார் அப்பா. தண்ணீராகிவிட்டதால் அழுத்துக்கு அழுத்து 'புஸ்' என்று காற்றும் வந்தது. "நாராயணா... புஸ்... மாதவா... புஸ்..." அதிதி தாமோதரா வரைக்கும் நின்று கேட்டாள். பன்னிரண்டும் போயிற்று. ஒன்றுகூட அவர் குறைக்கவில்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. விஷாகா.

"மீட்டிங்ல இருந்தேன்டி. என்ன பதினேழு மெசேஜ்? யாராவது மண்டையப் போட்டுட்டாளோன்னு பயந்தேன்."

"கண்டுபிடிச்சியா?"

"பாட்டில் கம்பெனியோட சாட்ல கேட்டேன். ஆட்டு ரோமம்."

"என்னது?"

"செம்மறியாடு. கம்பளிடி, கம்பளி. கொம்பும் இல்ல, குளம்பும் இல்ல. அதைக் கரைச்சு ஏதோ பண்ணி ஒரு சொட்டு போடறா. நீ மூச்சு விடு."

"ஆட்டு மயிர்னா அப்பா என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார், ஏன்னா நீ சொல்லப்போறதில்ல. பத்து நாள் கழியட்டும். நான் வந்து பக்குவமா சொல்றேன்."

"தளிகைல ஒரு முடி விழுந்தா மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி பண்றாரே. ஆனா குளிர்காலத்துல கம்பளிய மடி, தீட்டே கிடையாதுங்கறார். கரைச்சா அது கம்பளியா, மயிரா?"

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அதிதி, எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு," என்றாள் விஷாகா.

நாலு இருபதுக்கு அப்பா வெளியே வந்தார். பஞ்சகச்சம், பன்னிரண்டு திருமண், ஈரம் சொட்டும் குடுமி. அம்மா ஒரு தட்டில் நவதானியத்தைக் கொண்டுவந்து அதிதியிடம் நீட்டினாள். கோயிலில் பாலிகைச் சட்டியில் முளைவிட விதைப்பதற்கு.

"அப்பா பின்னாடியே எடுத்துண்டு போ. மேல படாம வா. நான் கோலத்தை முடிச்சுட்டு வந்துடறேன்."

வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே இருநூறடி மணல் தெரு. மடியாக நடக்கிற அப்பாவுக்கு நாலடி தள்ளி அவள் நடந்தாள். கோடியில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரர் 'ஹலோ, ஹலோ' என்று கடலையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஒரு சின்னப் பீப்பி கொடுத்துப் பார்த்தார். இன்னும் நூற்றைம்பதடி.

சுவேதா சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். அக்கா சொன்னதும் சரியாகத்தான் இருக்க வேண்டும். பத்து நாள் என்பது ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும், இரண்டு வேளையும், அப்பா பெருமாளைத் தொட்டுத் திருமஞ்சனம் செய்யும்போதெல்லாம், அவருக்குத் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிந்துகொண்டு வாசலில் நிற்க வேண்டும். நூறடி.

"அப்பா."

"ம்."

"நில்லுப்பா. ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. கோவிச்சுக்கலாம், ஆனா முழுக்கக் கேட்டுட்டுக் கோவிச்சுக்கோ."

பாஷ்யம் நின்றார். அவள் தட்டிலிருந்த நெல்லையும் எள்ளையும் பார்த்துக்கொண்டே மளமளவென்று கொட்டிவிட்டாள். இலை படம், சதாசிவம் சார், கொம்பு, குளம்பு, அக்காவின் சாட், செம்மறியாடு, கொட்டியது, கை தட்டிக் கொட்டியதாகச் சொன்னது. நடுவில் பட்டுப்பூச்சியும் சங்கும் வந்து கலந்துவிட்டன. முடித்தபோது தட்டு ஆடிற்று. நாலு உளுந்து மணலில் விழுந்தது.

"ஆட்டு ரோமமா?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா."

"கொம்பு இல்லையே?"

"இல்லையாம்."

அவர் குனிந்து அந்த உளுந்தைப் பார்த்தார். அப்புறம் அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. மூக்கு வழியாக வந்த சிரிப்பு.

"கம்பளி மடிதான்டி, அசடே. சாமரம் போடறேனே, அது என்னன்னு நினைச்சே? அதுவும் ஒரு மாட்டோட வால் முடிதான். உன் சிநேகிதி கெட்டிக்காரி."

"அப்போ கேக்குக்கு மட்டும் மூணு நாள்..."

"அது வாய்க்குள்ள போனது. இது தலைக்கு மேல வந்து தண்ணியோட போறது. ரெண்டும் ஒண்ணா?" கொஞ்சம் நிறுத்தினார். "படிக்காமலே படிச்சேன்னு சொன்னே பாரு, அது தப்பு. தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் அந்த சாரைப் போய்க் கேட்டிருப்பேன்."

"தப்புதான்."

"கொட்டினதும் தப்பு. அமெரிக்கா பாட்டில்."

அதிதிக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. மடி. அதனால் தட்டைக் கட்டிக்கொண்டாள்.

"வாப்பா, நாழியாறது" என்று ஓரடி வைத்தாள்.

அப்பா நகரவில்லை.

கோயில் வாசலிலிருந்து யாரோ, "சாமி, வர்றீங்களா?" என்று குரல் கொடுத்தார். அவர் கையை உயர்த்தி, இதோ என்று காட்டினார். கை உயர்ந்தது, கால் அசையவில்லை. ஈரம் காய்ந்துகொண்டிருந்த குடுமி, முடிச்சிலிருந்து மெல்ல நழுவித் தோளில் விழுந்தது. அவர் அதைத் தொடவில்லை. அது இல்லாததுபோல் நின்றார்.

"உன்கிட்ட சொல்லலாமான்னு தெரியலை," என்றார். "அம்மாகிட்ட சொன்னா சிரிப்பா. சித்தப்பாகிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவான்."

"என்னப்பா?"

"சாத்துப்படி, அலங்காரமெல்லாம் முடிஞ்சு, பெருமாளுக்குக் கண்ணாடி காட்டறோமில்லையா?"

"ஆமா."

"அந்தக் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரா பிடிக்கணும். கொஞ்சம் சாய்ச்சா, பிடிக்கறவன் முகமும் தெரியும். முப்பது வருஷத்துல நான் சாய்ச்சதில்லை. சாய்க்கணும்னு தோணினதே இல்லை. என்ன இருக்கு, சாய்ச்சுப் பார்க்கறதுக்கு?" அவர் குரல் மைக்செட்காரரின் 'ஹலோ'வுக்கு நடுவே சிறுத்துப்போயிற்று. "புதன்கிழமை சாய்ச்சேன். தெரியாமன்னு சொல்லிக்கலாம். வியாழக்கிழமையும் சாய்ச்சேன். நேத்திக்கு..."

அவர் கோயில் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நேத்திக்கு, இடது கையில கண்ணாடியைப் பிடிச்சுண்டு, வலது கையால இந்தக் குடுமியை எடுத்துச் சரியா விட்டுண்டேன். சந்நிதிக்குள்ள. அவருக்கு முன்னாடி. அவர் அலங்காரத்தை அவருக்குக் காட்டற நேரத்துல. அந்தக் கையாலயே அப்புறம் துளசியை எடுத்தேன்."

அவர் வலது கையை விரித்துப் பார்த்தார். காப்புக் கட்ட வேண்டிய கை.

"ரோமத்துக்கு சாஸ்திரம் இருக்கு, அதிதி. எது மடி, எது விழுப்பு, எதுக்கு என்ன பிராயச்சித்தம், எல்லாம் எழுதி வெச்சிருக்கா. இதுக்கு எங்கயும் எழுதி வெச்சதா எனக்குத் தெரியலை. காலம்பறலேர்ந்து தேடிண்டிருக்கேன். தலையை அலசிட்டா போயிடும்னு இருந்தேன். அதுக்கும் அந்த கிரீமையே போட்டுண்டேன், பாரு. தண்ணி விட்டுக் குலுக்கி."

அவர் சிரிக்க முயன்றது தெரிந்தது. மூக்கு வழியாக எதுவும் வரவில்லை.

கோயிலுக்குள் மணி அடித்தது. நாகஸ்வரம் இந்தத் தடவை பீப்பியாக இல்லாமல் ராகமாகவே தொடங்கிவிட்டது. அம்மா வீட்டு வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்து, இவர்கள் ஏன் நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.

அதிதிக்குச் சொல்ல வேண்டும்போல்தான் இருந்தது. 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எவ்வளவு சுலபமான வாக்கியம்! அதனாலேயே அதை வெளியே விடப் பயமாக இருந்தது.

நாலடி தள்ளி நின்ற பாஷ்யம் நிமிர்ந்து, முதல் நாள் குளியலறை வாசலில் பாட்டிலை நீட்டியபோது பார்த்த அதே நம்பிக்கையோடு மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இந்தக் கையில நான் காப்புக் கட்டிக்கலாமா?"